கலம் எங்கே போய்ச் சேருகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மனிதச் சிறுநீரகத்தின் தொடக்க வடிவத்தைப் பன்றியின் முளையத்துக்குள், அதாவது இளங்கருவுக்குள், வளர்த்த சீன ஆய்வொன்றைப் பற்றி இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கடிதங்கள் யாவும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தமையால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். மனிதக் கலங்களை, அதாவது செல்களை, விலங்கின் உடலோடு சேர்த்து ஆய்வு செய்வது அறத்துக்கு உகந்ததா என்பதே அந்தப் பொருள்.

*

கேள்வி: சீனாவில் பாதி மனிதனும் பாதி குரங்குமான உயிரொன்றை உருவாக்கிவிட்டார்கள் என்று சொல்லும் காணொளி எங்கள் வகுப்பில் பகிரப்பட்டது. அது உண்மையா? கோவேறு கழுதையைப் போன்ற ஒரு கலப்பினம்தானா இது?
– உயர்தர உயிரியல் மாணவி, திருகோணமலை நகர்

பதில்: அப்படியோர் உயிர் பிறக்கவில்லை, பிறக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுசெல்லப்படவும் இல்லை. அந்தக் காணொளிக்கு அடிப்படையாக இருக்கக்கூடியது 2021 ஏப்ரலில் ‘செல்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு. சீனாவின் குன்மிங் நகர விஞ்ஞானிகளும், கலிபோர்னியாவின் சால்க் நிறுவகத்தில் பணியாற்றிய ஹுவான் கார்லோஸ் இஸ்பிசுவா பெல்மோந்தேயும் இணைந்து அதைச் செய்தார்கள். நண்டுண்ணிக் குரங்கின் 132 முளையங்களை எடுத்து, கருக்கட்டி ஆறு நாளான நிலையில், ஒவ்வொன்றினுள்ளும் 25 மனிதக் குருத்துக் கலங்களைச் செலுத்தினார்கள். ஸ்டெம் செல் என்று செய்திகளில் சொல்லப்படுபவை இந்தக் குருத்துக் கலங்கள்தாம். உடலின் எந்த உறுப்பாகவும் வளரும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. பத்தாம் நாளில் 103 முளையங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. பத்தொன்பதாம் நாளில் எஞ்சியவை மூன்று. அவை அனைத்தும் ஆய்வுகூடத் தட்டிலேயே இருந்தன. எந்தக் குரங்கின் கருப்பையிலும் வைக்கப்படவில்லை. பாதி மனிதன் என்று சொல்லத்தக்க முகமோ கையோ அந்த வளர்ச்சிக் கட்டத்தில் எந்த உயிருக்கும் இருப்பதில்லை.

கோவேறு கழுதை வேறு வகை. கழுதையின் விந்தும் குதிரையின் சூலும் சேர்ந்து ஒரே கலமாகி, அதிலிருந்து முழு உடலும் உண்டாவதால், அதன் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு இனங்களின் பரம்பரையலகுகளும் (ஜீன்களும்) இருக்கும். நாம் பேசும் உயிரியைக் கைமேரா என்பார்கள். அரிசியும் பயறும் கலந்து வைத்த பாத்திரத்தில் அரிசி அரிசியாகவும் பயறு பயறாகவும் இருப்பதுபோல, ஒரே உடலில் இரண்டு இனங்களின் கலங்கள் தத்தம் இயல்பு மாறாமல் அருகருகே வாழ்கின்றன. 1984 இல் செம்மறியாட்டின் முளையத்தையும் வெள்ளாட்டின் முளையத்தையும் சேர்த்து வளர்த்த உயிர், உடலில் ஓரிடத்தில் கம்பளி மயிரும் வேறிடத்தில் வெள்ளாட்டு மயிருமாகப் பிறந்தது.

மனிதக் கலங்களைத் தாங்கிய விலங்குகள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பிறந்து, வாழ்ந்து, ஆய்வுகூடங்களில் இறந்திருக்கின்றன என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1988 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், சொந்த நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு ஆற்றல்) இல்லாத சுண்டெலிக்கு மனித நிர்ப்பீடனத் தொகுதியின் இழையங்களைப் பொருத்தினார்கள். சாதாரண எலிகளுக்குத் தொற்றாத எச்.ஐ.வி. போன்ற வைரசுகளை உயிருள்ள ஓர் உடலில் வைத்து ஆராய அந்த எலிகள் வழி திறந்தன. மனிதப் புற்றுநோய்க் கட்டிகளை எலியின் தோலுக்கடியில் வளர்த்து மருந்துகளைச் சோதிப்பது இன்று வழமையான நடைமுறை. ஆகவே கலக்கலாமா, கூடாதா என்ற கேள்வி வெகு காலத்துக்கு முன்பே தாண்டப்பட்டுவிட்டது. எந்தக் கலம், எந்த விலங்கில், எந்தப் பருவத்தில், உடலின் எந்தப் பகுதிக்குப் போய்ச் சேருகிறது, அதனால் அந்த விலங்குக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும்போதுதான் அறத்தைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது.

*

கேள்வி: என் கணவர் நீண்ட காலமாக டயலிசிஸ் செய்துவருகிறார். பன்றிக்குள் மனிதச் சிறுநீரகம் வளர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது எங்களைப் போன்றவர்களுக்கு எப்போது கிடைக்கும்? எங்கள் மார்க்கம் விலக்கிய பிராணியாயிற்றே, அதை ஏற்கலாமா?
– வாசகி ஒருவர், கிண்ணியா

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன். பத்திரிகைகளில் ஒன்றாகக் குழப்பப்படும் இரண்டு முயற்சிகளை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பன்றியின் சொந்த உறுப்பையே, மனித உடல் நிராகரிக்காதபடி பரம்பரையலகுகளை மாற்றிப் பொருத்துவது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் டேவிட் பென்னட் என்பவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் ரிச்சர்ட் ஸ்லேமன் என்ற 62 வயதுடையவருக்கு, 69 மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அவரும் இரண்டு மாதங்களுக்குள் காலமானார்; அவரது மரணத்துக்கு அந்தச் சிறுநீரகம் காரணமாயிற்று என்பதற்கு அறிகுறி இல்லை என்று வைத்தியசாலை தெரிவித்தது. அவருக்குப் பின் பொருத்தப்பட்ட சிறுநீரகங்களில் ஒன்று 130 நாட்களும் இன்னொன்று 271 நாட்களும் இயங்கிய பின் அகற்றப்பட்டன.

மற்றது, நான் சென்ற இதழில் குறிப்பிட்டது: பன்றியின் உடலில் மனிதக் கலங்களாலான உறுப்பையே வளர்ப்பது. ஜப்பானிய விஞ்ஞானி ஹிரோமிட்சு நகாவுச்சி இதன் முன்னோடி. இன்சுலினைச் சுரக்கும் உறுப்பான சதையி உண்டாகாதபடி மாற்றப்பட்ட சுண்டெலி முளையத்தினுள், சுண்டெலியைவிடப் பெரிய வேறோர் இனமான எலியின் குருத்துக் கலங்களைச் செலுத்தி, அந்த வெற்றிடத்தில் எலியின் சதையியை வளர்த்துக்காட்டினார். அது 2010 இல். 2017 இல் அதையே மறுதலையாகச் செய்து, எலிக்குள் வளர்ந்த சுண்டெலிச் சதையியின் பகுதிகளை நீரிழிவுள்ள சுண்டெலிகளுக்குப் பொருத்த, அவற்றின் இரத்தச் சீனி ஓராண்டுக்கு மேல் சீராக இருந்தது. ஆனால் எலியும் சுண்டெலியும் நெருங்கிய உறவினங்கள். மனிதனுக்கும் பன்றிக்கும் இடையிலான பரிணாமத் தொலைவு மிகப் பெரிது. அதே 2017 இல் சால்க் நிறுவகத்தார் மனிதக் கலங்கள் செலுத்திய 2,000க்கு மேற்பட்ட பன்றி முளையங்களைத் தாய்ப் பன்றிகளில் வைத்தபோது 186 மட்டுமே நான்கு வாரம் வரை வளர்ந்தன. அவற்றிலும் ஒரு இலட்சம் கலங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் மனிதக் கலங்கள் காணப்பட்டன. 2023 இல் குவாங்சோ விஞ்ஞானிகள் இதைவிட நெடுந்தூரம் முன்னேறினார்கள். அவர்கள் வளர்த்த தொடக்கநிலைச் சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் மனிதக் கலங்களே இருந்தன. அதற்காக 1,820 முளையங்கள் 13 தாய்ப் பன்றிகளில் வைக்கப்பட்டன. 28 நாட்களுக்குள் கர்ப்பம் நிறுத்தப்பட்டு, ஆய்வுக்கு எடுக்கப்பட்டவை ஐந்து. இந்த எண்களை நான் விரிவாகத் தருவதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டாவது வழியிலிருந்து உங்கள் கணவருக்கு ஒரு சிறுநீரகம் வரும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். முதலாவது வழியும் இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளது. உறவினர் போன்ற உயிருள்ள ஒருவர் மனமுவந்து தரும் சிறுநீரகம், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் சிறுநீரகம் ஆகிய இரண்டும்தான் இன்று நம் கைக்கெட்டுபவை. அவற்றைப் பற்றி உங்கள் சிறுநீரக வைத்திய நிபுணரிடம் அடுத்த கிளினிக்கிலேயே பேசுங்கள்.

மார்க்கத் தீர்ப்பு வழங்க எனக்கு அருகதை இல்லை. அதை உலமாக்களிடம், வைத்திய அறிக்கைகளோடு சென்று கேட்க வேண்டும். வேறு வழியே இல்லாத உயிராபத்தின்போது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்ற கோட்பாடு இஸ்லாமியச் சட்டவியலில் நெடுங்காலமாக உண்டு என்பதையும், பன்றியின் இதய வால்வு, பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பரின் மருந்து ஆகியன பற்றி அந்த அடிப்படையில் அறிஞர்கள் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதையும் மட்டும் சொல்கிறேன். அந்தக் கோட்பாட்டுக்குள் இருக்கும் இரண்டு கேள்விகளை, எம்மதத்தவராயினும் இந்த ஆய்வுகள் ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். தேவை உண்மையானதா? வேறு வழி இல்லையா? நம் மாவட்டத்தின் பதவிசிறிபுர போன்ற விவசாயப் பகுதிகளில் சிறுநீரக நோயால் வாடும் குடும்பங்களுக்குத் தூய குடிநீரும் காலந்தாழ்த்தாத பரிசோதனையும் கிடைப்பது, எந்தப் பன்றியின் உடலையும் தேடிப் போகாமலே செய்யக்கூடிய காரியம்.

*

கேள்வி: பன்றியின் உறுப்பைப் பெற்றவருக்குப் பன்றியின் குணம் வருமா?
– வாசகர் ஒருவர், சீனன்குடா

பதில்: வராது. பன்றியின் சதையியிலிருந்து எடுத்த இன்சுலினைப் பல்லாண்டுகள் ஊசியாகப் போட்டுக்கொண்ட இலட்சக்கணக்கானோருக்கும் வரவில்லை. நாம் ஒவ்வொருவரும் முற்றிலும் ஒரே உயிரின் கலங்களால் ஆனவர்கள் என்ற எண்ணமும் சரியன்று: கருவிலிருந்த குழந்தையின் கலங்கள் பிரசவத்தின் பின் 27 ஆண்டுகள் வரை தாயின் இரத்தத்தில் இருந்ததை 1996 இல் வெளியான ஆய்வு காட்டியது.

அஞ்ச வேண்டியது நோய்த்தொற்றுக்கு. பென்னட்டுக்குப் பொருத்தப்பட்ட இதயத்தில் பன்றிகளுக்குரிய ஒரு வைரசு பின்னர் கண்டறியப்பட்டது. விலங்கின் கிருமி ஒன்று மனித உடலுக்குப் பழகிக்கொண்டால் ஆபத்து நோயாளியோடு நிற்காது. ஆகவே நோயாளியின் சம்மதம் ஒன்றே போதும் என்று யாரும் வாதிட முடியாது.

*

கேள்வி: ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்று சொன்ன தொல்காப்பியர், ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று உடனே சேர்த்துக்கொள்கிறார். மனித மூளைக் கலங்களைப் பெற்ற எலியோ குரங்கோ அந்தக் கிளைப் பிறப்பில் சேருமா? அதற்கு மனம் வந்துவிட்டால் நமது கடமை என்ன?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மூதூர்

பதில்: ஐயா, வந்த கடிதங்களில் பொருளின் நடுவே போய் நின்றது உங்களுடையதுதான். சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இதுவரை நடந்தவற்றை முதலில் பார்ப்போம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் இர்விங் வைஸ்மன், மூளையின் நரம்புக் கலங்கள் யாவும் மனிதக் கலங்களாக அமைந்த சுண்டெலியை உருவாக்கலாமா என்று எண்ணினார். பாராட்டத்தக்க விதமாக, செய்வதற்கு முன்னரே சட்டப் பேராசிரியர் ஹென்றி கிரீலியிடம் ஆலோசனை கேட்டார். கிரீலியின் குழு, படிப்படியாகச் செல்ல வேண்டும், எலியின் மூளை அமைப்பிலோ நடத்தையிலோ மனிதத்தன்மையின் சாயல் தென்பட்டால் நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த எலி உருவாக்கப்படவில்லை. 2013 இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் கோல்ட்மன் குழுவினர், நரம்புக் கலங்களுக்குத் துணைநிற்கும் கிளையா கலங்களின் மனித முன்னோடிகளைப் பிறந்த சுண்டெலிகளின் மூளையில் செலுத்தினார்கள். அவை மூளையெங்கும் பரவின. அந்தச் சுண்டெலிகள் புதிர்வழியைக் கற்பதிலும் ஆபத்தின் அறிகுறியை நினைவில் வைப்பதிலும் மற்றவற்றை விஞ்சின. 2022 இல் ஸ்டான்ஃபோர்டின் செர்ஜியு பாஷ்கா குழுவினர், மனிதக் குருத்துக் கலங்களிலிருந்து வளர்த்த மூளையிழையத் திரளையைப் பிறந்து சில நாட்களேயான எலிகளின் மூளையில் பொருத்தினார்கள். அது மூளையின் ஒரு பாதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நிரப்பும் அளவுக்கு வளர்ந்தது. எலியின் மீசை மயிரைத் தொட்டபோது அந்த மனித நரம்புக் கலங்கள் கிளர்ந்தன. ஆயினும் அந்த எலிகள் சாதாரண எலிகளைவிட வேறாக நடந்துகொள்ளவில்லை. திமதி நோய்க்குறி என்னும் அரிய பிறவிக் கோளாறுள்ளவர்களின் கலங்களையும் இவ்வாறு வளர்த்து, அவர்களின் நரம்புக் கலங்களில் என்ன பழுது நேர்கிறது என்பதை நேரில் பார்க்க முடிந்தது. உயிருள்ள குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாத நிலையில், அந்த அறிவுக்கு வேறு வாயில் மிகக் குறைவு. இந்த நன்மையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை.

மனிதக் கலம் போன இடமெல்லாம் மனித மனமும் கூடவே போய்விடும் என்று நினைக்க ஆதாரம் இல்லை. மனம் என்பது கலங்களின் எண்ணிக்கையால் மட்டும் ஆவதன்று. பல ஆண்டுகள் நீளும் வளர்ச்சியும், அளவிற் பெரிய மூளையும், கலங்கள் தமக்குள் பின்னிக்கொள்ளும் வலையும், வெளியுலகோடு பழகும் வாழ்வும் சேர்ந்தே அது உண்டாகிறது. எலியின் சிறிய மண்டையோட்டுக்குள், எலியின் குறுகிய ஆயுளுக்குள் அதற்கு இடமில்லை. ஆனால் குரங்கைப் பற்றி இவ்வாறு உறுதியாகப் பேச எனக்குத் துணிவில்லை. அதன் மூளை நம் மூளைக்கு உறவுடையது. முளையப் பருவத்திலேயே செலுத்தப்படும் மனிதக் கலம் அதன் மூளையின் எந்த மூலைக்கும் சென்று, குரங்கின் கலங்களோடு சேர்ந்தே வளரும். 2005 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் வகுத்த நெறிமுறைகள், மனித முளையக் குருத்துக் கலங்களைக் குரங்கினங்களின் முளையத்தில் செலுத்த வேண்டாம் என்றும், மனிதக் கலங்கள் இனப்பெருக்க உறுப்புகளைச் சேர்ந்திருக்கக்கூடிய விலங்குகளை இனம்பெருக்கவிடக் கூடாது என்றும் சொல்லின. முதலாவது விலக்கைப் பின்வந்த ஆய்வுகள் தாண்டிச் சென்றுவிட்டன. அப்படி ஒரு குரங்குக் குட்டி பிறக்க விடப்படக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எந்த மருத்துவப் பயனும் அதற்கு ஈடாகாது.

அதற்கு மனம் வந்துவிட்டால் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆய்வு முடிந்ததும் விலங்கைக் கொன்று மூளையைச் சீவிப் பார்ப்பது வழக்கம். தன்னை அறியும் ஒரு மனம் அங்கே தோன்றியிருந்தால் அந்தச் செயலுக்குப் பெயர் கொலை. கொல்லாமல் விட்டாலோ, தன் இனத்தாரும் இல்லாத, நம்மோடும் சேர முடியாத அந்த உயிரை ஆயுள் முழுவதும் கூண்டில் வைத்திருக்க வேண்டிவரும். இரண்டில் எதைச் செய்தாலும் அநீதியாகவே முடியும் என்றால், அந்த நிலைமை உண்டாக இடமளிப்பதே முதற் பிழை. ஆய்வு தொடங்கும் முன்னரே, எந்த அறிகுறி தென்பட்டால் நிறுத்துவோம், நிறுத்திய பின் அந்த விலங்கை என்ன செய்வோம் என்று எழுத்தில் வைக்காத எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது.

தொல்காப்பியரின் வரிசை ‘உற்றறிவ’தில், அதாவது தொடுவுணர்வில், தொடங்குகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறாவது அறிவு வந்ததா என்று நாம் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, வலியை அறியும் ஐந்து அறிவும் அந்த விலங்குக்கு ஏற்கெனவே இருப்பதை மறந்துவிடுகிறோம். மனிதக் கலம் ஒன்றுகூட இல்லாத எலிக்கும் ஊசி குத்தினால் வலிக்கும்.

*

கேள்வி: இறைவன் வகுத்த படைப்பின் ஒழுங்கை மனிதன் குலைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. மனித மாண்புக்கு இது இழுக்கல்லவா?
– கத்தோலிக்க வாசகர், பாலையூற்று

பதில்: உங்கள் மனத்தாங்கலை மதிக்கிறேன், அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் திருச்சபையே இவ்விடயத்தில் நுட்பமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. உயிர்வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2001 இல் வெளியிட்ட ஆவணம், விலங்கின் உறுப்பை மனிதருக்குப் பொருத்துவதை நிபந்தனைகளோடு ஏற்றது. மூளையையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் மட்டும், அவை ஒருவரின் தனித்துவத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தவை என்று கூறி விலக்கியது. மேலே சொன்ன அமெரிக்க நெறிமுறைகள் அஞ்சிய இடங்களும் ஏறத்தாழ இவையே. விசுவாசத்திலிருந்து புறப்பட்டவர்களும் ஆய்வுகூடத்திலிருந்து புறப்பட்டவர்களும் ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள் என்றால், அந்தத் தயக்கத்துக்குச் செவிகொடுப்பது அறிவுடைமை.

பிரித்தானியா 2008 இல் நிறைவேற்றிய சட்டம், மனிதமும் விலங்கும் கலந்த முளையங்களை உரிமம் பெற்ற ஆய்வுகூடங்களில் உருவாக்க இடமளித்தது. ஆனால் 14 நாட்களுக்கு மேல் வளர்க்கவும், ஒரு பெண்ணிலோ விலங்கிலோ வைக்கவும் தடை விதித்தது. பசுவின் சூலிலிருந்து கலக்கருவை (பரம்பரையலகுகளைத் தாங்கும் நடுப்பகுதியை) நீக்கி மனிதக் கலத்தின் கலக்கருவை வைக்கும் ஆய்வே அங்கு அப்போது பெரும் விவாதத்தைக் கிளப்பியிருந்தது. அந்த வழி நெடுநாள் நீடிக்கவில்லை. முதிர்ந்த தோற் கலத்தையே குருத்துக் கலமாக மாற்றும் ஷின்யா யமனாக்காவின் முறை வந்ததும் அதன் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

மனித மாண்பு, எலியின் உடலில் நம் கலம் போய் இருப்பதால் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது அவ்வளவு எளிதில் கரைந்துபோகும் பொருளன்று. குறையக்கூடிய இடம் வேறு: நாமே உண்டாக்கிய ஓர் உயிரை உரிமைச் சொத்தாக மட்டும் பார்க்கப் பழகும்போது நமக்குள் ஏதோ குறைகிறது. 1997 இன் இறுதியில் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டூவர்ட் நியூமன், மனித-விலங்குக் கைமேராவுக்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) கேட்டு விண்ணப்பித்தார். அதைச் செய்வதற்காக அல்ல. வேறெவரும் செய்யாதபடி தடுக்கவும், நாட்டில் விவாதத்தை எழுப்பவுமே விண்ணப்பித்தார். 2005 இல் விண்ணப்பம் இறுதியாக நிராகரிக்கப்பட்டது. மனிதனை ஆக்கவுரிமைக்கு உட்படுத்த முடியாது, இந்த உயிர் மனிதனுக்கு மிக அருகில் வந்துவிடக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எவ்வளவு அருகில் வந்தால் மனிதன் என்று அப்போது யாரும் வரையறுத்துச் சொல்லவில்லை. படைப்பின் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், படைக்கப்பட்ட அந்த உயிருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் உங்கள் பங்கில் பேசுபொருளாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

கேள்வி: குரங்குகள் எங்கள் தோட்டங்களைப் பாழாக்குகின்றன. தென்னையில் ஒரு குரும்பைகூட மிஞ்சவில்லை. ஆய்வுக்கு என்று யாரும் கேட்டால் பிடித்துக் கொடுத்துவிடுவதில் என்ன பிழை?
– விவசாயி ஒருவர், தம்பலகாமம்

பதில்: உங்கள் இழப்பு உண்மையானது, அதற்கு நட்டஈடும் பாதுகாப்பும் கேட்பது உங்கள் உரிமை. 2023 ஏப்ரலில், ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி நம் அரசாங்கத்தில் பேசப்பட்டதும், அவை மிருகக்காட்சிச் சாலைகளுக்கே என்று சொல்லப்பட்டபோது ஆய்வுகூடங்களுக்குப் போய்விடும் என்று சூழலியலாளர்கள் அஞ்சி நீதிமன்றம் சென்றதும், ஏற்றுமதி நடைபெறாது என்று அங்கே தெரிவிக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குரங்கு உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்வது. அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருப்பது. குன்மிங் ஆய்வில் பயன்பட்டது அந்த இனமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு விலங்கு நமக்குத் தொல்லை தருகிறது என்பது, அதை ஆய்வுகூடக் கூண்டுக்கு அனுப்புவதற்கான நியாயம் ஆகாது. குரங்கு கூட்டமாக வாழ்வது. தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு வளர்வது. தனிக்கூண்டில் அடைத்தால் தன் மயிரைத் தானே பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு அதன் மனம் சிதைகிறது. உங்கள் தோட்டத்தின் இழப்பும் அந்த வதையும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை.

*

கேள்வி: இலங்கையில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டா?
– வாசகர் ஒருவர், குச்சவெளி

பதில்: விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் நம் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அதை எழுதியவர்கள் மாட்டு வண்டியையும் சுமை சுமக்கும் பொதிமாட்டையும் கண்முன் கண்டவர்கள். மனித இழையங்களைத் தானம் செய்வது பற்றிய 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் மனிதரிடமிருந்து மனிதருக்கு நடக்கும் பரிமாற்றத்தை மனத்திற்கொண்டது. விலங்கு நலச் சட்டமூலம் ஒன்று பல ஆண்டுகளாக இழுபடுகிறது. அது நிறைவேறும்போது மனிதக் கலம் தாங்கிய விலங்குகளுக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் மற்ற வளாகங்களிலும் விஞ்ஞானம் படிப்பிப்போர் இப்போதே குரல் கொடுக்க வேண்டும். இங்கே அவ்வாய்வு நடக்கவில்லையே என்று காத்திருந்தால், பிற நாடுகளில் தடுக்கப்பட்டது சட்டமில்லாத நாட்டைத் தேடி வரும்.

*

கேள்வி: நோயாளியான என் தாயாரிடம் ஆய்வுக்கென்று இரத்தம் கேட்டார்கள். தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, கையொப்பமிட்டு அனுப்பிவிட்டோம். அந்த இரத்தம் விலங்குகளுக்குள் செலுத்தப்படக்கூடுமா?
– வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: பெரும்பாலான ஆய்வுகளில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு அழித்துவிடுவார்கள், ஆகவே அச்சப்பட வேண்டாம். ஆனால் கேள்வி நியாயமானது. யமனாக்கா 2006 இல் சுண்டெலியின் கலத்திலும் 2007 இல் மனிதக் கலத்திலும் செய்துகாட்டி, 2012 இல் நோபல் பரிசு பெற்ற முறையால், சிறிதளவு இரத்தத்திலுள்ள கலங்களையும் குருத்துக் கலங்களாக மாற்றலாம். மாற்றியபின் அவை ஆண்டுக்கணக்கில் பெருகும். நாடு விட்டு நாடு போகும். ஓர் எலியின் மூளையிலோ பன்றியின் முளையத்திலோ போய்ச் சேரலாம்.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1951 இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து, அவரிடம் கேட்காமலேயே எடுத்த கலங்கள் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்பட்டன. 1965 இல் ஒக்ஸ்போர்டில் ஹென்றி ஹாரிசும் ஜோன் வொட்கின்சும் மனிதக் கலத்தையும் சுண்டெலியின் கலத்தையும் இணைத்து ஒன்றாக்கிக் காட்டியபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட மனிதக் கலம் அந்தப் பெண்ணினுடையதே. அவரது குடும்பத்தாருக்கு அப்போது எதுவும் தெரியாது.

எனவே தாயாரின் ஆய்வுக் குழுவிடம் படிவத்தின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். ஆய்வுக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும். கலங்களைச் சேமித்து வைக்கிறார்களா, குருத்துக் கலங்களாக மாற்றுவார்களா, விலங்கில் செலுத்துவார்களா, அப்படியானால் மூளையையும் இனப்பெருக்க உறுப்புகளையும் அவை சென்றடையாதபடி என்ன செய்வார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, விலகிக்கொள்ள விரும்பினால் எந்தக் கட்டம் வரை முடியும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். சேமிப்பிலுள்ள இரத்தத்தை அழிக்கச் சொல்லலாம்; ஒரு விலங்கின் உடலோடு சேர்ந்து வளர்ந்துவிட்ட கலத்தைத் திரும்பக் கேட்க முடியாது. தாயாருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் விரும்பினால் மட்டும் மறுபடியும் கையொப்பமிடட்டும்.